குறிப்பு எதுவும் இல்லை

இல்லைங்க மேடம், சரியான ரூமுக்குத்தான் வந்திருக்கீங்க. பத்தரைன்னா பத்தரைதான், லெட்டர்ல தப்பா ஒண்ணும் அடிக்கல. மத்தவங்கதான் இன்னும் வரல. உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். போன மாசமே எழுதிப் போட்டேன், வந்து பாக்கறோம்னாங்க, பாத்துக்கிட்டே இருக்காங்க. இப்படி ஜன்னல் பக்கமா வாங்க. உங்க பேர்ப்பலகையை நான் எடுத்து இங்க வெச்சுடறேன். ஒன்பது பேர் உக்கார்ற மேசை, எங்க உக்காந்தா என்ன.

நானா? நான் இந்தக் குழுவோட செக்‌ஷன் ஆபீசர். பதினோரு வருஷமா இதே ரூம். பதினோரு வருஷத்துல ஃபைலைப் பிரிச்சுப் படிச்சுட்டு வந்த உறுப்பினர்னா அது நீங்கதான். மன்னிச்சுக்குங்க, எட்டிப் பாத்துட்டேன், ஓரமெல்லாம் பென்சில்ல கோடு போட்டிருக்கீங்களே. இடைத்தேர்தலுக்கு முன்னாடி கணக்கு டீச்சரா இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான். திருத்திப் பழகின கை சும்மா இருக்குமா.

கூட்டம் ஆரம்பிக்க மூணு பேர் வேணும் மேடம். அதுக்குப் பேர் கோரம். எங்க ஆபீஸ்ல ஒரு பழைய ஜோக் உண்டு, இங்க கோரம் இல்லாததுதான் பெரிய கோரம்னு. சிரிக்கறீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு தடவை சிரிப்பாங்க. அரை மணி நேரம் காத்திருப்போம். பதினோரு மணி வரைக்கும் மூணு தலை சேரலைன்னா தள்ளி வெச்சாச்சுன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போக வேண்டியதுதான். அன்னிக்கு மறுபடி கூட முடியாது, அது இந்தக் குழுவோட சட்டம். இப்ப பத்து முப்பத்தஞ்சு.

எல்லாருக்கும் காலையிலேர்ந்து போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தலைவர் வெளியூர்ல ஒரு திறப்பு விழாவுல இருக்கார். ரெண்டு பேர் வேற குழுக் கூட்டம். ஒருத்தருக்குக் காய்ச்சலாம். ஒருத்தர் எடுத்து, இதோ படியில ஏறிக்கிட்டு இருக்கேன்னார். அது ஒன்பதே முக்காலுக்கு. எந்தப் படின்னு தெரியல.

கேளுங்க மேடம், தாராளமா கேளுங்க. சும்மாதானே உக்காந்திருக்கோம்.

ஆமா, நீங்க பென்சில்ல எழுதியிருக்கற கேள்வி சரியான கேள்வி. இந்த ஃபைல்ல இருக்கற குத்தத்தை யார் உண்டாக்கினாங்க? சபை இல்ல. சபையில சட்டம் வரும்போது விவாதம் உண்டு, கூச்சல் உண்டு, வெளிநடப்பு உண்டு, டிவியில காட்டுவாங்க. ஆனா அந்தச் சட்டத்தோட கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கும், இதுக்கு வேண்டிய விதிகளை மந்திரி போட்டுக்கலாம்னு. அந்த ஒரு வரி போதும். அதுக்கப்புறம் எது குத்தம், யார் உள்ள போகணும், எத்தனை மாசம் போகணும்னு ஒரு இலாகாவுல நாலு பேர் உக்காந்து எழுதுவாங்க. மந்திரி கையெழுத்துப் போடுவார். கெஜட்ல வந்துட்டா முடிஞ்சுது. நேத்து வரைக்கும் நல்ல மனுஷன், இன்னிக்குக் காலையில எந்திரிச்சா குத்தவாளி. அவனுக்கே தெரியாது.

நம்ப மாட்டீங்க. தேனீப் பெட்டியை முன்கூட்டியே எழுதிக் குடுக்காம ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோனா மூணு மாசம். லிப்ட் ரிப்பேர் பண்றவன் ரிப்பேர் நோட்டுல பேனாவுல எழுதாம பென்சில்ல எழுதினா ஆறு மாசம். ஆமா, நீங்க லிப்ட் மெக்கானிக்கா இருந்திருந்தா இந்நேரம் உள்ளதான். போன வருஷம் மொத்தம் ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் விதி வந்துச்சு. அதுல புதுசா ஜெயில் தண்டனை வெச்சது நூத்திப் பன்னெண்டு. நான் எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லல, நானா எண்ணினேன். அதே வருஷம் இந்தக் குழு ஒன்பது தடவை கூடுச்சு. எல்லாக் கூட்டத்தையும் சேத்துக் கூட்டினா ஆறு மணி நேரம்கூட வராது. கணக்கு டீச்சர், நீங்களே வகுத்துப் பாத்துக்குங்க.

காவல் இல்லாமலா இருக்கு? இருக்கு. விதியைச் சபையோட மேசையில வைக்கணும். நிஜ மேசைதான் மேடம், பச்சைத் துணி போட்ட மேசை. காலையில கட்டுக்கட்டா வைப்பாங்க, சாயங்காலம் அட்டெண்டர் தூக்கிட்டுப் போய் அலமாரியில போடுவார். வெச்ச நாள்லேர்ந்து சபை நாப்பது நாள் கூடறதுக்குள்ள யாராவது வேண்டாம்னு சொன்னா விதி செத்துடும். யாரும் வாயைத் திறக்கலைன்னா சம்மதம்னு அர்த்தம். ஒன்பது பேர் இங்க உக்காந்திருக்கறது, அந்தக் கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு சபைக்குச் சொல்றதுக்கு. ஒன்பது பேருக்கு முன்னாடி படிச்சு, இதுல வில்லங்கம் இருக்கு, இதுல இல்லன்னு பிரிச்சுக் குடுக்கறது எங்க செக்‌ஷன். வில்லங்கம் இருந்தா அஜெண்டாவுல வரும். இல்லைன்னா ஒரு ரப்பர் ஸ்டாம்பு, குறிப்பு எதுவும் இல்லைன்னு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஸ்டாம்புதான்.

இன்னிக்கு இருக்கறது ஒரே ஒரு அஜெண்டா. உங்க கையில இருக்கற அந்த மருந்துக் கழிவு விதி. அது மேசைக்கு வந்து பதினாறு மாசம் ஆச்சு, சபை கூடின கணக்குல இன்னிக்கு நாப்பதாவது நாள். மூணு பேர் உக்காந்து வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள நானே ஓடிப்போய்ச் சபையில சேத்துடுவேன். குழு எழுதிட்டா இலாகாவே பெரும்பாலும் வாபஸ் வாங்கிடும். என் காலத்துல மூணு தடவை அப்படி நடந்திருக்கு. மூணுதான். இருந்தாலும் நடந்திருக்கு.

ஏன் இதுல மட்டும் இவ்வளவு அக்கறைன்னு கேக்கறீங்க. ஃபைலோட முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன் மேடம், மறைக்கல. இந்த விதியில முதல்ல உள்ள போனது என் தங்கச்சி. அதை எழுதிட்டுத்தான் மத்ததை எழுதினேன். தலைவருக்கும் தெரியும்.

அவ நர்ஸ். ஆஸ்பத்திரியில இல்ல, வீட்டு நர்ஸ். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு டாக்டருங்க அனுப்பி வெச்சுடறாங்க இல்லையா, அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கற வேலை. இங்கேர்ந்து ரயில்ல மூணு மணி நேரம் அவ ஊர். ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, அதுல கையுறை, பஞ்சு, ஒரு நோட்டு. சின்ன வயசுலேர்ந்தே எதையும் எழுதி வெக்கற பழக்கம். பூனை எத்தனை மணிக்குக் குட்டி போட்டுச்சுன்னுகூட எழுதி வெச்சவ. சாகப் போறவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது என்ன வேலைன்னு நான் கேலி பண்ணுவேன். அவ சொல்லுவா, அண்ணா, நீ யாரும் படிக்காத பேப்பரைப் படிக்கற, நான் யாரும் பாக்காத ஆளைப் பாக்கறேன், ரெண்டும் ஒண்ணுதான்னு.

அவகிட்ட ஒரு தச்சர் இருந்தார், வயித்துல புத்துநோய். வலிக்கு முதுகுல ஒட்டற பட்டை குடுப்பாங்க, மருந்து தடவின பட்டை, மூணு நாளைக்கு ஒண்ணு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தச்சர் போயிட்டார். பெட்டியில மூணு பட்டை மீதி. முன்னாடியெல்லாம் திங்கட்கிழமை எடுத்துட்டுப் போய்க் கிளினிக்ல குடுத்துக் கையெழுத்து வாங்கினா போதும். புது விதி என்ன சொல்லுது? நீங்கதான் கோடு போட்டிருக்கீங்களே, அட்டவணையில பதினாலாவது வரி. நோயாளி இறந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள அங்கீகரிச்ச ஸ்டோர்ல ஒப்படைக்கணும். தவறினா அது சட்ட விரோதமா வெச்சிருக்கறது. அதை இன்னொருத்தருக்குக் குடுத்தா வினியோகம். வினியோகத்துக்குக் கொறஞ்சது பதினெட்டு மாசம். ஸ்டோரோ சனி ஞாயிறு லீவு.

சனிக்கிழமை காலையில வேற ஒரு வீட்டுலேர்ந்து போன் வருது. பஸ் டிரைவர் ஒருத்தர், எலும்புல புத்து, அவரோட பட்டை தீந்து போச்சு. ஆஸ்பத்திரியில கேட்டா ஸ்டாக் திங்கட்கிழமைதான் வரும்ங்கறாங்க. இவ போய்ப் பாக்கறா. அந்த மனுஷன் தலகாணியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார், பிள்ளைங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. இவ பையில மூணு பட்டை இருக்கு, அதே மருந்து, அதே அளவு. என்ன பண்ணுவீங்க மேடம்?

ஒண்ணு ஒட்டினா. ஒட்டிட்டு நோட்டுல எழுதினா. தச்சரோட பெட்டியிலேர்ந்து ஒரு பட்டை, நம்பர் இன்னது, டிரைவருக்கு, காலை ஒன்பது இருபதுன்னு. திங்கட்கிழமை மீதி ரெண்டையும் நோட்டையும் எடுத்துக்கிட்டு நேரா ஸ்டோருக்குப் போனா. ஸ்டோர்க்காரர் நல்ல மனுஷன்தான், இவளுக்குத் தெரிஞ்சவர். நோட்டைப் பாத்துட்டு அவருக்கு வேர்த்துப் போச்சாம். ஏன்னா அடுத்த வரியில இருக்கு, தெரிஞ்சும் சொல்லாத ஸ்டோர்க்காரருக்கும் அதே தண்டனை. ஏம்மா இதை எழுதினேன்னு கேட்டாராம். எழுதாம எப்படிங்க, மருந்தாச்சேன்னாளாம். அவர் போனை எடுத்து இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார். சொல்லிட்டு இவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தார். அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஒரு நிமிஷம். ஆ, வாங்க சார், வாங்க வாங்க! மேடம், இவர் நம்ம உறுப்பினர், வக்கீல். சார், இவங்கதான் புதுசா வந்திருக்கறவங்க. ஒரே ஒரு அஜெண்டாதான் சார், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும், ஃபைல் உங்க முன்னாடியே இருக்கு. போனா? சரி சார், வராந்தாவுலயே பேசுங்க, தூரமாப் போயிடாதீங்க, இன்னும் ஒருத்தர் வந்துட்டா ஆரம்பிச்சுடலாம்.

ரெண்டு ஆச்சு மேடம்! பத்து நாப்பத்தாறு. அண்ணே, அட்டெண்டரண்ணே, கொஞ்சம் கேன்டீன் பக்கம் பாத்துட்டு வாங்களேன், நம்மாளுங்க யாராவது டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. யாரா இருந்தாலும் சரி, கையோட கூட்டிட்டு வந்துடுங்க. கால்ல விழுந்தாவது.

மூணாவது ஆள் மட்டும் வந்துட்டா போதும்.

எங்க விட்டேன்? கோர்ட்டு. கேஸுக்கு சாட்சி வேற எதுவும் தேவைப்படல, அவளோட நோட்டே போதும். அவ கையெழுத்துல, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம. பஸ் டிரைவரோட சம்சாரம் வந்து சாட்சி சொன்னாங்க, அந்த ரெண்டு நாள் அவர் தூங்கினார், பிள்ளைங்களோட பேசினார், புதன்கிழமை போயிட்டார்னு. ஜட்ஜு தலை குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தார். அப்புறம் அரசாங்க வக்கீலைப் பாத்துக் கேட்டார். இவ்வளவு கடுமையான தண்டனையை ஒரு அட்டவணையில, பதினாலாவது வரியில வெச்சிருக்கீங்களே, மக்கள் சபை இதைப் பாத்துச்சா?

நான் அன்னிக்குக் கோர்ட்ல மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கேன். பக்கத்துல தங்கச்சி வீட்டுக்காரர், தையல்காரர், ஊசி குத்தின விரலைத் தேச்சுக்கிட்டே இருக்கார். அரசாங்க வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பாத்துச்சு கனம் நீதிபதி அவர்களே, சபையோட பரிசீலனைக் குழு இந்த விதியை ஆராய்ஞ்சு, குறிப்பு எதுவும் இல்லைன்னு பதிவு பண்ணியிருக்குன்னார். ஜட்ஜு வாங்கிப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டினார். அப்படின்னா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, மக்கள் பிரதிநிதிங்க படிச்சுட்டு சரின்னு சொன்னதை நான் ஒருத்தன் மாத்த முடியாதுன்னார். பதினெட்டு மாசம். அதுக்குக் கொறைக்க அவருக்கு அதிகாரம் இல்ல.

ஆமா மேடம். நம்ம குழுதான். இதே மேசைதான்.

வெளியில வந்ததும் தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னார், எல்லாம் விதி மச்சான்னு. அவர் தலையெழுத்தைச் சொன்னார். எனக்குக் கேட்டது கெஜட் விதி. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் என் முதுகைத் தடவிக் குடுக்கறார். பொண்டாட்டியை உள்ள அனுப்பிட்டு வந்தவர் எனக்கு ஆறுதல் சொல்றார். அப்புறம் மெதுவாக் கேட்டார், மச்சான், நீங்க அந்தப் பெரிய கட்டடத்துலதானே இருக்கீங்க, அங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்ல முடியாதான்னு.

அன்னிலேர்ந்துதான் மேடம் இந்த ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையறேன். குழு நினைச்சா நாப்பது நாளுக்குள்ள பழைய ஃபைலைத் திரும்ப எடுக்கலாம். மூலச் சட்டத்தைத் தோண்டிப் பாத்தேன். கொறஞ்சபட்சம் இத்தனை மாசம்னு வைக்க மந்திரிக்கு அதிகாரமே குடுக்கல. அதிகபட்சம் மட்டும்தான் குடுத்திருக்கு. நீங்க கோடு போட்டிருக்கீங்களே, அதே இடம். பளிச்சுன்னு தெரியற தப்பு. அஞ்சு நிமிஷம் படிச்சா யாருக்கும் தெரியும். பன்னெண்டு பக்கம் எழுதித் தலைவர்கிட்ட வெச்சேன். அவர் படிச்சுட்டு, நியாயம்தான்யா, ஆனா நாமளே சரின்னு சொல்லிட்டு நாமளே இல்லைன்னா நல்லாவா இருக்கும்னார். ரெண்டு மாசம் கெஞ்சினேன். ஒத்துக்கிட்டார். முதல் கூட்டத்துல கோரம் இல்ல. ரெண்டாவது கூட்டத்துல இது பதினோராவது அஜெண்டா, ஒன்பதோட சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு. மூணாவது இன்னிக்கு.

இல்லைங்க. அவ வெளிய வர மாட்டா. நல்ல கேள்வி, ஆனா வர மாட்டா. விதி செத்தாலும், அதுவரைக்கும் அதுங்கீழ குடுத்த தீர்ப்பு குடுத்ததுதான்னு சட்டத்துலயே இருக்கு. முழுசா முடிச்சுட்டுத்தான் வரணும். லைசென்ஸும் போச்சு, இனிமே ஊசி பிடிக்க முடியாது. அப்பீல் போடலாம்னு சொன்னோம், வேண்டாம்னுட்டா.

அப்புறம் எதுக்கா? அவளுக்கு அப்புறம் ஏழு பேர் மேல கேஸ் போட்டிருக்காங்க. அதுல ஒரு பெரியவர், எழுபத்தோரு வயசு. பொண்டாட்டி செத்து நாலு மாசமா அந்த அம்மாவோட அலமாரியை அவர் திறக்கவே இல்ல. திறக்க மனசு வரல. உள்ள எட்டு பட்டை இருந்திருக்கு. அடுத்த வாரம் விசாரணை. விதி போனா கேஸும் போயிடும்னு அவரோட வக்கீல் சொல்றார். அந்தப் பெரியவர் எனக்கு ஒரு லெட்டர் போட்டார் மேடம். ஐயா, நான் மருந்தை ஒளிச்சு வைக்கல, புடவையைப் பாக்க முடியாமத்தான் அலமாரியை மூடி வெச்சேன்னு. அதுக்கு நான் என்ன பதில் எழுதறது? இன்னும் எழுதல.

என்ன அண்ணே? கேன்டீன்ல யாரும் இல்லையா? நூலகத்துல பாத்தீங்களா? சரி, விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க.

பத்து அம்பத்தொண்ணு. இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு.

ஐயோ. மணி. இது சபை மணி மேடம், ஓட்டெடுப்புக்குக் கூப்பிடறாங்க. சார்! வக்கீல் சார்! ஒரு நிமிஷம் சார், இதை மட்டும்... சார், இன்னிக்குத்தான் கடைசி நாள்... தெரியுது சார், கொறடா கூப்பிடறார், தெரியுது. முடிச்சுட்டு வந்துடறீங்களா? சரி சார். சரி.

போயிட்டார். நாலு நாலு படியாத் தாவி இறங்கறார் பாருங்க. அந்தப் பக்கம் போறதுக்கு மட்டும் எல்லாருக்கும் கால் இருக்கு. இல்ல, அவர் வர மாட்டார். எண்ணி முடிக்கவே இருபது நிமிஷம் ஆகும். பதினோரு மணி தாண்டிடும். இனிமே யாருமே வர முடியாது, எல்லாரும் அங்கதான்.

நீங்களும் போகணும்னா போங்க மேடம், உங்க கட்சியில கேப்பாங்க. போகலையா? கேட்டா என்ன சொல்லுவீங்க? சரி. உக்காந்திருங்க. எனக்கும் தனியா உக்காந்திருக்கறதுக்கு இது பரவாயில்ல.

நீங்க தனியா ஒரு தீர்மானம் குடுக்க முடியுமான்னா, முடியும், முந்தின நாளே எழுதிக் குடுத்திருக்கணும். நேத்து சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்துச்சு. நேத்து நீங்க இன்னும் உறுப்பினரா கையெழுத்தே போடலையே. அதெல்லாம் நான் யோசிக்காமலா இருப்பேன். எல்லாப் பக்கமும் முட்டிப் பாத்துட்டேன்.

மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. நான் ஒரு அரை மணி நேரம் அழுதுட்டு வரலாம்னு போவேன், அவ விட மாட்டா. உள்ள யாருக்கு சுகர், யாருக்கு மூச்சு வாங்குது, எல்லாம் சொல்லுவா. நாடி பாக்கறதுக்கு லைசென்ஸ் வேண்டாமாம். ஒரு வயசான கைதிக்குக் கால் வீங்கியிருந்துச்சாம், வார்டன்கிட்டச் சண்டை போட்டு டாக்டரை வரவெச்சிருக்கா. இளைச்சுட்டா. கையைப் பாத்தா கழுவிக் கழுவி வெளுத்துப் போன கை, அது மட்டும் மாறல.

கோவமா? அவளுக்கு யார் மேலயும் கோவம் இல்ல. அதான் தாங்கல. போன தடவை போனப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. அண்ணா, உங்க ஆபீஸ்ல இதை யாரோ ஒருத்தர் கையில எடுத்துப் பாத்திருப்பாங்கல்ல, படிச்சிருந்தா ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாங்கல்ல, அவங்களுக்கு அன்னிக்கு என்ன கஷ்டமோன்னா. திட்டல மேடம். நிஜமாவே அவங்களுக்கு என்ன கஷ்டமோன்னுதான் கேட்டா. யாரோ பழைய ஆளு, ரிட்டயர் ஆயிட்டாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பதினொண்ணு. ஆச்சு. அவ்வளவுதான். கோரம் இல்லாததால கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. எழுதிட்டேன். நாளைக்கு நாப்பத்தோராவது நாள், இனிமே இதை யாரும் தொட முடியாது. உங்களுக்கு வீண் அலைச்சல்.

யாரா? அந்த ஸ்டாம்பு குத்தினவரா? இல்ல மேடம், ரிட்டயரும் ஆகல, மாத்தவும் இல்ல. அது கூட்டத்தொடரோட கடைசி நாள். கடைசி நாள்லதான் எல்லா இலாகாவும் கொண்டு வந்து கொட்டுவாங்க, அன்னிக்கு மட்டும் அறுபத்தேழு விதி. தலைவர் ஆறு மணிக்கு ஊருக்குக் கெளம்பறார், அதுக்குள்ள லிஸ்ட்டு வேணும்ங்கறாங்க. இவருக்கோ நாலு நாளா கடைவாய்ப் பல்லு வலி, நாலரைக்குப் பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருந்தார். மருந்துக் கழிவுன்னு தலைப்பைப் பாத்துட்டு, குப்பைத் தொட்டி சமாச்சாரம்னு நெனச்சுட்டார். அட்டவணை வரைக்கும் புரட்டல. அறுபத்தேழையும் அடுக்கி வெச்சு டக்கு டக்குன்னு குத்திட்டு, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினார். பல்லைப் பிடுங்கினதும் வலி போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன் மேடம்.

ஆமா. நான்தான். ஃபைலோட முதல் பக்கத்துல தங்கச்சின்னு எழுதினேன், இதை எழுதல.

படியில பாத்து இறங்குங்க, இப்பத்தான் தொடச்சுட்டுப் போனாங்க, ஈரமா இருக்கு.